தொழில்சார் சந்திப்புகளும் வேண்டப்படாத நெருக்கங்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இப்போது கூட்டங்களுக்குக் குறைவில்லை. செயலமர்வு, கருத்தரங்கு, தொழிற்சந்தை, இளம் தொழில்முயற்சியாளர் சந்திப்பு, புலம்பெயர்ந்தோர் முதலீட்டு ஒன்றுகூடல் என்று வாரந்தோறும் ஏதோவொரு விடுதி மண்டபத்தில் பதாகை தொங்குகின்றது. யுத்தம் முடிந்த மறு ஆண்டான 2010இல் யாழ்ப்பாண சர்வதேச வர்த்தகக் கண்காட்சி தொடங்கியபோது அது ஒரு புதினமாகப் பேசப்பட்டது. இன்று அவ்வாறான நிகழ்வுகள் எவருக்கும் புதினமல்ல. கொழும்பிலிருந்து வங்கி அதிகாரி வருகின்றார். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் முதலீட்டாளர் வருகின்றார். அரச சார்பற்ற நிறுவனத்தின் திட்ட இணைப்பாளர் வருகின்றார். மண்டபத்தின் மறுபக்கத்தில், பட்டம் பெற்றுவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் சுயவிபரக்கோவையுடன் அமர்ந்திருக்கின்றார்கள். தேநீர் இடைவேளையில் அட்டைகள் கைமாறுகின்றன. கைத்தொலைபேசி இலக்கங்கள் பதியப்படுகின்றன. அன்றிரவு பத்தரை மணிக்கு, அக்கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் தொலைபேசியில் ஒரு செய்தி விழுகின்றது: “சாப்பிட்டாச்சா?”

மறுநாள் “நித்திரையோ?” என்று வரும். மூன்றாம் நாள், அவரது முகநூல் படத்தைப் பற்றி ஒரு பாராட்டு வரும். இவற்றுக்குப் பதில் கிடைக்காதவிடத்து நான்காவதாக ஒன்று வரும்: “அந்த வேலை விசயமாத்தான் கதைக்க இருந்தனான். விருப்பமில்லாட்டி விடுங்கோ.” முதல் மூன்றும் தொல்லை என்ற அளவில் நின்றுவிடக்கூடியவை. நான்காவது அவ்வாறானதல்ல. அது வரும் வரை அந்தப் பெண் ஓர் அறிமுகத்தை இழக்கலாம் என்றுதான் எண்ணியிருப்பார். அது வந்தபின், தனது தொழில்வாய்ப்பே அந்த மனிதரின் மனநிலையில் தொங்குவதை அறிந்துகொள்கின்றார்.

இது குடாநாட்டுக்கு மட்டும் உரிய நோயல்ல. ஆனால் இங்கு அதன் கடுமை கூடுவதற்குக் காரணமுண்டு. போட்டிப் பரீட்சையின் வழியே கிடைக்கும் அரச நியமனங்களை விட்டுவிட்டால், எமது பிரதேசத்தில் வேலை என்பது பெரும்பாலும் அறிமுகத்தின் வழியாகவே கிடைக்கின்றது. தனியார் நிறுவனங்களில் வெற்றிடம் பத்திரிகையில் விளம்பரமாகுமுன் யாரோ ஒருவரின் காதுக்கு எட்டிவிடுகின்றது. திட்ட அடிப்படையிலான பணிகளோ ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒப்பந்தத்தில் நடப்பவை. அவற்றின் புதுப்பிப்பு ஓர் இணைப்பாளரின் பரிந்துரையில் தங்கியுள்ளது. பெரிய நகரமொன்றில் ஒரு கதவு மூடினால் பத்துக் கதவுகளைத் தட்டலாம். இங்கே ஒரு துறையில் ஆட்சேர்ப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்கள் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இந்நிலையில் ‘விருப்பமில்லாட்டி விடுங்கோ’ என்ற சொற்களை வெறும் வார்த்தைகளாகக் கொள்ள முடியாது.

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் கற்போருள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆயினும் உழைக்கும் வயதுப் பெண்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர். ஆண்களிலோ பத்துப் பேரில் ஏழு பேர் உள்ளனர். இவ்விடைவெளிக்குப் பிள்ளை பராமரிப்பு, போக்குவரத்து, சம்பளம் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவை யாவும் உண்மையே. ஆனால், தொழிலுக்குள் நுழையும் வாசலிலேயே என்ன நடக்கின்றது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் அரிதாகவே இடம்பெறுகின்றது.

இவ்விடத்தில் எனது சொந்தப் பிழையொன்றைக் கூறாமல் மேலே எழுதுவது நேர்மையாகாது. யுத்தம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நான் பணியாற்றிய பத்திரிகைப் பணிமனையில் பயிலுநராக இணைந்திருந்த ஒரு பெண், கடற்றொழில் தொடர்பான செய்திகளைச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். கரையோரக் கிராமங்களுக்குத் துவிச்சக்கரவண்டியில் சென்று, வள்ளம் கரைக்கு வரும் நேரம் வரை காத்திருந்து, எடை குறித்து, விலை கேட்டு எழுதுபவர். அவ்வளவு பொறுமை எங்கள் மூத்த நிருபர் பலருக்கு இருக்கவில்லை. ஒரு நாள் செயலமர்வொன்றுக்குச் சென்று திரும்பியவர், இரண்டு வாரம் கழித்து எனது மேசைக்கு வந்து தனது தொலைபேசியை நீட்டினார். அந்தச் செயலமர்வை ஒழுங்கு செய்த ஓர் அதிகாரி அனுப்பிய குறுஞ்செய்திகள் அதில் இருந்தன. கொழும்பில் ஒரு பயிற்சிநெறிக்கு அவரது பெயரைச் சிபாரிசு செய்வதாகவும், அதற்கு முன்னர் ‘தனியாகச் சந்தித்துக் கதைக்க வேண்டும்’ என்றும் கடைசிச் செய்தி கூறியது.

“பதில் போடாமல் விடுங்கோ, பிள்ளை” என்று நான் கூறினேன். அத்துடன் நிற்கவில்லை. மறுநாளே அந்தச் செய்திப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்து ஓர் ஆண் நிருபரிடம் கொடுத்தேன். அந்த அதிகாரியுடன் அவர் இனித் தொடர்புகொள்ள வேண்டிய தேவை வராது என்பது எனது கணக்கு. ஒரு தகப்பனைப் போல நடந்துகொண்டதாக மனநிறைவும் அடைந்தேன். அவர் எதுவும் கூறவில்லை. பிறகு பணிமனைக்குள் இருந்தபடி அறிக்கைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஆறு மாதம் கழித்து விலகினார். அவரது பொறுப்பு போயிற்று; ஈராண்டு உழைப்பில் சேர்த்த தொடர்புகள் போயின; தொழிலும் போயிற்று. அந்த அதிகாரிக்கு எதுவும் நடக்கவில்லை. அவர் அடுத்த செயலமர்வை ஒழுங்கு செய்தார். எமது ஆண் நிருபர் அதற்குச் சென்று நல்ல செய்தி எழுதி வந்தார்.

அதாவது, அவரைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு நான் செய்தது, அந்த அதிகாரி தொடங்கிய காரியத்தை முடித்துவைத்ததே.

இதனை எனது தனிப்பட்ட பிழை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ஏனெனில் எமது வீடுகளும் பணிமனைகளும் இதே வைத்தியத்தையே செய்துவருகின்றன. தொல்லை செய்தவர் இருந்த இடத்தில் இருப்பார். தொல்லைக்கு ஆளானவரை இடம் மாற்றுவோம். தமிழ்க் குடும்பங்களில் ‘பேர் கெட்டுப் போகும்’ என்ற ஒரு வசனம் எல்லா விசாரணைகளையும் முடித்துவைக்கப் போதுமானதாக இருக்கின்றது. தாய் தகப்பனிடம் சொல்லப் பிள்ளை அஞ்சுவது, அவர்கள் கோபிப்பார்கள் என்பதற்காக மட்டுமல்ல. ‘அப்படியென்றால் அந்த வேலை வேண்டாம்’ என்று அவர்கள் அன்புடனேயே கூறிவிடுவார்கள் என்பதற்காகவும் அவர் அஞ்சுகின்றார். ஆகவே அவர் சொல்வதில்லை. சொல்லாதவரையில் தொழில் இருக்கும். சொன்னால் தொழில் போகும். இவ்வாறு மௌனத்தை நாமே கட்டாயமாக்கிவிட்டு, ‘அப்போதே ஏன் சொல்லவில்லை’ என்றும் நாமே கேட்கின்றோம்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களில் இச்சுமை இரட்டிப்பாகின்றது. 1990 ஒக்டோபரில் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட ஒரு சமூகம், புத்தளத்தில் ஒரு தலைமுறையை வளர்த்தெடுத்த பின்னர், சோனகத் தெருவுக்கும் அதன் சுற்றாடலுக்கும் சிறுகச் சிறுகத் திரும்பிக்கொண்டிருக்கின்றது. மீள வந்தவர்களின் பிள்ளைகளுள் ஒரு பெண் வங்கியிலோ தகவல் தொழில்நுட்ப நிறுவனமொன்றிலோ வேலைக்குச் செல்வது, தனி ஒருவரின் முடிவாக அமைவதில்லை. தகப்பனும் சகோதரர்களும் பல நாள் யோசித்து, பலருக்குப் பதில் சொல்லி எடுத்த முடிவாகவே அது இருக்கும். அப்பெண்ணுக்கு ஒரு கூட்டத்தில் நேரும் கசப்பான அனுபவம் வெளியில் வந்தால், அடுத்த வீட்டுப் பெண்ணின் விண்ணப்பமும் அலுமாரிக்குள் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். ஒருவர் பேசினால் பலருக்கு வாசல் அடைபடுமென்றால் எவர்தான் பேசுவார்?

எமது மரபு இவ்விடயத்தில் எம்மைவிடத் தெளிவுடன் இருந்தது என்றே கூறத் தோன்றுகின்றது. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும் பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பெயரிட்டு, நடுவே அமைந்த அன்பின் ஐந்திணையில் சேர்க்காது இரு புறத்திலும் நிறுத்திவைத்தது தொல்காப்பியம். காதலைக் கொண்டாடியவர்களே, ஒத்த விருப்பமில்லாத இடத்தில் அப்பெயரை வழங்க மறுத்திருக்கின்றார்கள். நம்பி ஒப்படைக்கப்பட்டதை அமானிதம் என்று போற்றுவது முஸ்லிம் மக்களின் வழக்கம். பதவியும் ஓர் அமானிதமே என்பது அவர்களின் மார்க்கப் போதனை. ஒரு பயிற்சிநெறிக்கு ஆள் தெரிவு செய்யும் அதிகாரம் ஒருவரிடம் தரப்படுவது அவரது சொந்த விருப்பங்களை நிறைவேற்றுவதற்காக அல்ல.

இவற்றைப் பேச முற்படும்போதெல்லாம் எழும் ஒரு மறுப்புண்டு. காணாமல் ஆக்கப்பட்டோருக்குப் பதில் இல்லை, காணிகள் முழுமையாக விடுவிக்கப்படவில்லை, அரசியல் தீர்வு இல்லை. இந்நேரத்தில் இந்தச் ‘சின்ன விசயம்’ எதற்கு என்பதே அது. யுத்தகாலத்தில் இவ்வாதம் இன்னும் உரத்து ஒலித்தது. அதற்குப் பதிலாக, எம்மைப் போலவே ஆயுத மோதலுக்குள் அகப்பட்டிருந்த இன்னொரு மண்ணில் நடந்த வழக்கொன்றை நினைவுகூரலாம்.

1988 ஜூலை 18ஆம் திகதி இரவு, சண்டிகாரில் பஞ்சாப் மாநில மூத்த அதிகாரியொருவரின் இல்லத்தில் ஒரு விருந்து. அரச அதிகாரிகளும் பொலிஸ் உயரதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் குடும்பத்தினருடன் கூடியிருந்தனர். எமது மொழியில் சொன்னால், அது ஒரு தொழில்சார் ஒன்றுகூடலே. அங்கு இந்திய ஆட்சிப்பணி அதிகாரியான ரூபன் தியோல் பஜாஜ் என்பவரிடம், மாநிலத்தின் பொலிஸ் தலைமை அதிகாரியான கே.பி.எஸ். கில் அத்துமீறி நடந்துகொண்டார். பஜாஜ் எழுத்தறிவற்ற பாமரப் பெண்ணல்ல. அரச நிர்வாகத்தின் உயர்நிலையில் இருந்தவர். இருந்தும், முறைப்பாட்டைக் கைவிடுமாறு அவருக்கு நாலா பக்கமும் அறிவுரை வந்தது. பஞ்சாப் எரிந்துகொண்டிருந்தது. தீவிரவாதத்தை அடக்குபவர் என்று கில் போற்றப்பட்டுக்கொண்டிருந்தார். நாட்டின் பாதுகாப்பே பணயமாக இருக்கும்போது ஒரு விருந்தில் நடந்ததைப் பெரிதுபடுத்துவதா என்று கேட்டார்கள்.

அவர் விடவில்லை. வழக்கையே தள்ளுபடி செய்த உயர் நீதிமன்றத்தின் முடிவை 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம் மாற்றியது. 1996இல் கில் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டது. விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை பின்னர் நன்னடத்தைக் கண்காணிப்பாகக் குறைக்கப்பட்டது. குற்றத்தீர்ப்பை 2005இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒரு விருந்தில் நடந்ததற்குப் பதினேழு ஆண்டுகள். இந்த வழக்கில் என்னை உறுத்துவது தண்டனையின் அளவல்ல. பெரிய போராட்டம் ஒன்று நடக்கும்போது சிறிய அநீதிகள் காத்திருக்க வேண்டும் என்ற கூற்றை அரசும் சொல்கின்றது, அரசை எதிர்ப்போரும் சொல்கின்றார்கள். இரண்டு தடவையும் காத்திருக்கச் சொல்லப்படுபவர் ஒருவரே. பஞ்சாபில் மோதல் ஓய்ந்த பின்னரும் அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. இங்கேயும் யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது. ‘சின்ன விசயம்’ இன்னமும் தனது முறைக்காகக் காத்திருக்கின்றது.

பத்திரிகைத் தொழிலைச் சேர்ந்தவன் பிற தொழில்களைப் பற்றி மட்டும் எழுதித் தப்பிக்கொள்வதும் சரியல்ல. 2021 ஜூன் மாதத்தில் இலங்கை ஊடகப் பெண்கள் பலர், செய்தி அறைகளில் தமக்கு நேர்ந்தவற்றை அப்போது டுவிட்டர் என்று அழைக்கப்பட்ட தளத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுதினார்கள். சில நாட்கள் பரபரப்பு இருந்தது. அதில் பெரும்பகுதி கொழும்பின் ஆங்கில ஊடக உலகைச் சுற்றியே இருந்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் இந்தப் பிரச்சினை இல்லாததனால் அல்ல, தமிழில் எழுதினால் ஊர் வாசித்துவிடும் என்பதனாலேயே இங்கிருந்து குரல் குறைவாக எழுந்தது என்று நினைக்கின்றேன்.

இந்தியாவில் இதே தொழிலில் நடந்தது இன்னும் தெளிவானது. 1993இல் வேலைக்கான நேர்முகத்துக்கென மும்பை விடுதியொன்றின் அறைக்கு அழைக்கப்பட்ட அனுபவத்தைப் பத்திரிகையாளர் பிரியா ரமணி பல ஆண்டுகள் கழித்து எழுதினார். 2018இல், அவ்வாறு அழைத்த ஆசிரியர் எம்.ஜே. அக்பர் என்று பெயரைக் குறிப்பிட்டார். அப்போது மத்திய இராஜாங்க அமைச்சராக இருந்த அக்பர் குற்றச்சாட்டை மறுத்து, மானநட்ட வழக்குத் தொடுத்து, பதவி விலகினார். 2021 பெப்ரவரி 17ஆம் திகதி டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுதலை செய்தது. ஒருவரின் நற்பெயரைக் காப்பதற்காக இன்னொருவரின் கண்ணியத்தைப் பலிகொடுக்க முடியாது என்பதும், பல தசாப்தங்கள் கழித்தேனும் ஒரு பெண் தனது முறைப்பாட்டைக் கூறலாம் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். அக்பர் அதற்கெதிராக மேன்முறையீடு செய்தார். எவ்வாறாயினும், வேலை தேடி வந்த இருபது வயதுகளில் இருந்த ஒருவர், அந்த அறைக்குப் போகலாமா கூடாதா என்று தனியே முடிவெடுக்க விடப்பட்டார் என்பது கவனிக்கத்தக்கது. அழைத்தவர் ஆசிரியர், அழைப்பு நேர்முகத்துக்கு, இடம் மட்டுமே தவறு. மறுத்தால் வேலையில்லை என்று எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

எமது நாட்டின் சட்டம் இந்த நுட்பத்தை 1995ஆம் ஆண்டிலேயே விளங்கிக்கொண்டிருக்கின்றது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அவ்வாண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, சொற்களால் அல்லது செயல்களால் ஒருவருக்குப் பாலியல் தொந்தரவு விளைவிப்பதைக் குற்றமாக்குகின்றது. ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை அல்லது தண்டப்பணம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அதிகாரத்திலுள்ள ஒருவர் வேலைத்தலத்திலோ ‘வேறு எந்த இடத்திலோ’ மேற்கொள்ளும் விரும்பப்படாத பாலியல் நெருக்கங்களும் இதனுள் அடங்கும் என்று அப்பிரிவின் விளக்கம் கூறுகின்றது. விடுதி மண்டபமும் வாகனமும் வட்ஸ்அப்பும் ‘வேறு எந்த இடம்’ என்பதற்குள் வராமல் போகமாட்டா.

சர்வதேச தொழிலாளர் தாபனம் 2019இல் நிறைவேற்றிய 190ஆம் இலக்கச் சமவாயம் இதனை இன்னும் விரித்துக் கூறுகின்றது. தொழில் தொடர்பான பயணங்கள், பயிற்சிகள், நிகழ்வுகள், சமூக ஒன்றுகூடல்கள், மின்னணுத் தொடர்பாடல்கள் அனைத்தும் தொழில் உலகின் பகுதியென அது கொள்கின்றது. பயிலுநர், தொண்டர், வேலை தேடுவோர் ஆகியோரும் பாதுகாப்புக்கு உரியவர்கள் என்கின்றது. இது முக்கியமானது. ஏனெனில் எமது மண்டபங்களில் சுயவிபரக்கோவையுடன் இருப்பவருக்கு முதலாளி என்று எவரும் இல்லை. எந்த நிறுவனத்தின் ஒழுக்கக்கோவையும் அவரைத் தனது பிள்ளையென்று ஏற்பதில்லை.

எனினும் சட்டத்தின் எல்லையை மறைக்க வேண்டியதில்லை. இரவு பத்தரைக்கு வந்த ‘சாப்பிட்டாச்சா’வைத் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குச் செல்பவரை எழுதுநர் மேசையில் இருப்பவர் சிரித்து அனுப்பிவிடுவார். 345ஆம் பிரிவு வீதியின் கடைசியில் நிற்கும் காவலரண் மாதிரி. அங்கு போய்ச் சேருமுன் நடக்கும் எதற்கும் அது பதில் சொல்வதில்லை. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாத ஒவ்வொரு பணியிடத்திலும் முறைப்பாட்டுக் குழு இருக்க வேண்டும் என்றும், அதற்குக் குறைந்த இடங்களுக்காக மாவட்டந்தோறும் ஒரு குழு அமைய வேண்டும் என்றும் விதித்தது. எமது 1995ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றத்தை எழுதி வைத்ததேயன்றி, அதனைத் தடுக்கும் கடமையை எவர் தலையிலும் சுமத்தவில்லை.

இங்கு இன்னொரு சட்டத்தையும் குறிப்பிட வேண்டும். யுத்தத்தில் கணவனை இழந்த பெண்களிடம் ஒரு கையொப்பத்துக்காக, ஒரு கடன் தவணைக்காக, ஒரு வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியலுக்காகக் கேட்கப்பட்ட விலை என்ன என்பது வடக்கு கிழக்கில் எவரும் அறியாததல்ல. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் ரீதியான சலுகை கோருவதையும் இலஞ்சத்தின் வரையறைக்குள் கொண்டுவந்தது. பயிற்சிநெறிக்குப் பெயர் சேர்ப்பதற்காகத் ‘தனியாகச் சந்திக்க’ அழைக்கும் அரச உத்தியோகத்தர், காதல் வசப்பட்டவர் என்ற கணக்கில் அன்றி, இலஞ்சம் கேட்டவர் என்ற கணக்கில் விசாரிக்கப்படலாம். எனது மேசைக்கு அந்தத் தொலைபேசி வந்த நாளில் இச்சட்டம் இருந்திருந்தால் நான் வேறு விதமாக நடந்திருப்பேன் என்று கூறிக்கொள்ள ஆசைதான். ஆனால் 345ஆம் பிரிவு அன்றும் இருந்தது.

இனி, ஆண்களின் தரப்பில் நியாயமாகக் கேட்கப்படும் கேள்விக்கு வருவோம். ஒரே தொழிலில் இருப்பவர்கள் சந்தித்து, விரும்பி, மணம் முடிப்பது புதிதல்லவே. ஒருவரைப் பிடித்திருக்கின்றது என்று சொல்வதே குற்றமா? இல்லை. சமநிலையில் உள்ள இருவரில் ஒருவர் மரியாதையுடன் ஒரு தடவை கேட்பதையும், ‘இல்லை’ என்ற பதிலை ஏற்றுக்கொண்டு தொழிலுறவைப் பழையபடி தொடர்வதையும் எவரும் குறைகூறவில்லை. கேட்பவரின் கையில் மற்றவரின் வேலையோ ஒப்பந்தமோ புள்ளியோ சிபாரிசோ இருக்கும்போதுதான் கணக்கு மாறுகின்றது. அங்கே ‘ஆம்’ என்ற பதில் கிடைத்தாலும் அது எதற்காகக் கிடைத்தது என்பது கேட்டவருக்கே தெரியாது. இதே செய்தியை, இதே நேரத்தில், அக்கூட்டத்துக்கு வந்திருந்த ஓர் இளைஞனுக்கு அனுப்பியிருப்பேனா என்று தன்னைக் கேட்டுப்பார்ப்பவருக்குப் பெரும்பாலும் சட்டத்தரணி தேவைப்படாது. (இளைஞர்களும் இவ்வாறான தொல்லைக்கு ஆளாவதுண்டு. அவர்களின் மௌனம் இன்னும் இறுக்கமானது. அது தனியே எழுதப்பட வேண்டியது.)

தொழில்சார் தொடர்புகளுக்கென 2003இல் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் தளமே, காதல் துணை தேடுவதற்குரிய இடம் தானல்ல என்று தனது விதிகளில் எழுதி வைத்திருக்கின்றது. எழுத வேண்டி வந்ததே நிலைமையைக் காட்டுகின்றது. 2015 செப்டெம்பரில், இலண்டனைச் சேர்ந்த சட்டத்தரணி சார்லொட் பிரவுட்மன், தன்னைவிட முப்பது வயது மூத்த ஒரு சட்டத்தரணி அத்தளத்தில் தனது படத்தின் அழகைப் பாராட்டி அனுப்பிய செய்தியைப் பகிரங்கப்படுத்தினார். தொழிலுக்காக வந்தேன், தோற்றத்தை மதிப்பிடுவதற்காக வரவில்லை என்பது அவரது பதில். சில நாட்களுக்குள் விவாதம் அந்த மூத்தவரை விட்டுவிட்டு பிரவுட்மனின் பக்கம் திரும்பியது. ஒரு பாராட்டைத் தாங்க முடியாதவர், தனது தொழிலைத் தானே கெடுத்துக்கொண்டவர் என்று பத்திரிகைகள் எழுதின, மிரட்டல்களும் வந்தன. இலண்டனில், சட்டம் படித்த ஒருவருக்கு அந்த நிலை என்றால், நெல்லியடியிலோ சாவகச்சேரியிலோ ஒரு பயிலுநர் தொலைபேசியை மூடி வைத்துவிட்டு மௌனமாவதைக் கோழைத்தனம் என்று எவரும் கூற முடியாது.

ஆகவே சுமையை அவரிடமிருந்து எடுத்து, கூட்டத்தை நடத்துபவர்களிடம் வைப்பதே செய்யத்தக்கது. இதற்குப் பெரிய திட்டங்கள் தேவையில்லை. எமது செயலமர்வுகளின் வாசலில் மேசையொன்று போடப்பட்டிருக்கும். அதில் ஒரு வரவுப் பதிவுத்தாள். பெயர், நிறுவனம், கைத்தொலைபேசி இலக்கம், கையொப்பம். அந்தத் தாள் மண்டபம் முழுவதும் கைமாறிச் செல்கின்றது. எவரும் அதைப் படமெடுத்துக்கொள்ளலாம், எடுக்கின்றார்கள். நிகழ்வு முடிந்த கையுடன் வட்ஸ்அப் குழுமம் ஒன்று உருவாகின்றது; ஐம்பது பேரின் இலக்கமும் ஐம்பது பேருக்கும் தெரிகின்றது. தொல்லை தொடங்கும் இடம் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான். ஒரு காரியத்துக்காகப் பெற்ற தனிப்பட்ட விபரத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. இலக்கத்தை ஒழுங்கமைப்பாளர் மட்டும் தனியே குறித்துக்கொள்வதற்கு ஒரு பேனையும் ஒரு கொப்பியும் போதும்.

செயலமர்வுகளுக்குப் பணம் வழங்கும் நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. மதிய உணவுக்கு எத்தனை ரூபா, போக்குவரத்துக்கு எத்தனை ரூபா, எத்தனை பெண்கள் பங்குபற்ற வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதிப்பவர்கள், முறைப்பாடு வந்தால் கேட்பதற்கு ஒழுங்கமைப்பில் சம்பந்தப்படாத ஒருவரின் பெயரையும் இலக்கத்தையும் நிகழ்ச்சி நிரலில் அச்சிட வேண்டும் என்று இன்னொரு வரியைச் சேர்க்கலாம். பெண்களுக்கான 1938 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தையும் அதன் கீழ் இடலாம். பயிற்சிக்கும் வேலைக்கும் ஆள் தெரிவு செய்வதை ஒருவர் தனியே செய்யாமல் மூவர் செய்தால், ‘நான் நினைத்தால்’ என்று தொடங்கும் செய்திகளுக்கு வலு இல்லாமல் போய்விடும். முறைப்பாடு வரும்போது பொறுப்பிலிருந்து எடுக்கப்பட வேண்டியவர் யார் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதும் நல்லது. அந்த நேரத்தில் என்னைப் போன்றவர்கள் தகப்பனாக மாறிவிடுகின்றார்கள்.

எமது பணிமனையின் வாசலில், செய்தி தருவோரின் வசதிக்காக நிருபர்களின் பெயரும் சொந்தக் கைத்தொலைபேசி இலக்கமும் எழுதிய அட்டையொன்று பல காலமாகத் தொங்கியது. பயிலுநர்களின் இலக்கங்களும் அதில் இருந்தன. கடந்த மாதம் அதனை எடுத்துவிட்டு, பணிமனையின் பொது இலக்கத்தை மட்டும் எழுதியிருக்கின்றோம். செய்திகள் குறைந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். இதுவரை குறையவில்லை.